ஏற மாட்டேன் என்று சொன்ன திங்கட்கிழமை

ஜூலை 9

வாண்டு,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுக் காலை எழுந்து பார்த்தால் உன் படுக்கை மடித்து வைத்திருக்கிறது. பெட்டி இல்லை, ஷூ இல்லை, நீயும் இல்லை. அம்மா வாசலுக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தாள். அப்பா சலூனைத் திறந்து வைத்துவிட்டு, முடி வெட்ட வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தார். விடுமுறைக்கு வந்த பெண் பாதியிலேயே, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள். அந்த பஸ்ஸை ஓட்டியது எங்கள் டிப்போக்காரர். "உன் தங்கச்சி முன் சீட்ல உக்காந்து பாலம் தாண்டுற வரைக்கும் அழுதுட்டே வந்துச்சு" என்று சொன்னார். பஸ் டிரைவரின் தங்கை பஸ்ஸில் ஏறித் தப்பிக்கப் பார்க்கலாமா? அந்த அளவுக்காவது யோசித்திருக்க வேண்டாமா?

சித்தப்பா குடும்பம் சாப்பிட வந்திருந்தபோது, அத்தனை பேர் முன்னாலும், "இவ சாப்பிடல, சாப்பிடுற மாதிரி நடிக்கிறா" என்று நான் சொன்னதுதான் உனக்குக் கோபம். தனியாகச் சொல்ல எனக்கும் தெரியும். நீ வந்த நாளிலிருந்து முயன்றேன். நான் அறைக்குள் வந்தால் நீ குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாய்.

ஒரே ஒரு முட்டையைக் கடுகு கடுகாக நறுக்கித் தட்டு முழுக்கப் பரப்புகிறாய். அம்மா அந்தப் பக்கம் திரும்பினால் அது என் தட்டுக்கு வந்துவிடுகிறது. ஊரே வெயிலில் வேகிறது, நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு "குளிருது" என்கிறாய். குளியலறையில் தண்ணீர் போகும் வழியை உன் தலைமுடி அடைத்துக்கொண்டிருந்தது. அப்பா சலூனில்கூட அவ்வளவு முடியை நான் பார்த்ததில்லை.

ஓட்டத்தை விட்டுவிடு. படிக்கத்தானே போனாய்? படி. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் நான் கத்துவேன் என்பது உண்மைதான். அதனால் எழுதுகிறேன். காகிதம் கத்தாது.

அக்கா


ஜூலை 22

அக்காவுக்கு,

உன் காகிதமும் கத்துகிறது. விடுதி வாசலில் பிரித்தேன், காம்பவுண்டு சுவர் வரைக்கும் கேட்டது.

உனக்குச் சில விஷயங்கள் தெரியாது. தெரியாததைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. நெடுந்தூர ஓட்டம் என்பது உடம்பில் இருக்கிற ஒவ்வொரு கிராமையும் கூடவே தூக்கிக்கொண்டு ஓடுவது. தேவையில்லாததைத் தூக்க வேண்டாம் என்கிறார் எங்கள் கோச் மேடம். அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. என் வயதில் அவர் ஓடிய நேரத்தை இந்தக் கல்லூரியில் இன்னும் யாரும் தொடவில்லை. எங்களுக்கு முன்னால் மைதானத்துக்கு வருவார், எங்களுக்குப் பின்னால் போவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கு ஈரத்துணி போட்டவர் அவர்தான்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் எல்லோரும் எடை பார்ப்போம். உடை மாற்றும் அறையில் வெயிட் மெஷின் இருக்கிறது, பக்கத்திலேயே ஒரு கரும்பலகை. மேடம் சத்தமாகப் படித்துப் பெயருக்கு நேரே எழுதுவார். குறைந்தவளுக்குக் கைதட்டு. கூடியவள் மற்றவர்கள் போன பிறகு மைதானத்தை இன்னும் சுற்ற வேண்டும். நான் இதுவரைக்கும் ஒருமுறைகூட அப்படிச் சுற்றியதில்லை. கைதட்டு வாங்குகிற பெண் நான். உனக்கு அது புரியுமா என்று தெரியவில்லை. வீட்டில் நான் எப்போதும் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு, உன் புத்தகத்தைப் படித்து, உன் சைக்கிளை ஓட்டியவள். இது ஒன்றுதான் என்னுடையது.

நீயே யோசித்துப் பார். பொம்பளைக்கு எதற்கு ஸ்டீயரிங் என்று சித்தப்பா சொன்னபோது நீ என்ன செய்தாய்? மறுநாளே லைசென்ஸுக்குப் போய் நின்றாய். அந்த சித்தப்பாவின் முன்னால்தான் என்னை அவமானப்படுத்தினாய்.

போட்டிக் காலம் தொடங்கிவிட்டது. போன்களையெல்லாம் மேடம் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். எழுதுவதென்றால் எழுது. இதே மாதிரிதான் எழுதுவாய் என்றால் வேண்டாம்.

தங்கை


ஆகஸ்ட் 5

வாண்டு,

பேப்பரில் உன் படம் வந்திருக்கிறது. முடிவுக்கோட்டு ரிப்பனை நெஞ்சால் அறுத்துக்கொண்டு வருகிறாய். அப்பா அதை வெட்டி சலூன் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். சவரத்துக்கு வருகிற ஒருவரும் தப்ப முடியாது. கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு "என் பொண்ணு சார்" என்றால் யார் மறுத்துப் பேசுவார்கள்? அம்மா தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லி முடித்துவிட்டாள்.

நானும் பார்த்தேன். எல்லோரும் உன் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் உன் கையைப் பார்த்தேன். முழங்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும் போலிருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். ஆம்பிளைகள் படித்துவிடுவார்கள் என்று பயந்து சுற்றி வளைக்கப் போவதில்லை. உனக்குக் கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது? நீ வீட்டில் இருந்த நாள்களில் வரவில்லை. அதற்கு முந்தைய விடுமுறையிலும் வரவில்லை. ஒரே அலமாரியில் துணி வைக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும்.

பதில் எழுது. இல்லையென்றால் நேரில் வந்து கேட்பேன்.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

சொன்னபடி வந்துவிட்டாய். திருப்திதானே?

டிரைவர் சட்டையோடு, கையில் டிபன் கேரியரோடு, மைதானத்துக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உள்ளே விட மாட்டேன் என்றார் காவலாளி. நீ அங்கிருந்தபடியே என் மேடத்தைக் கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடுங்க, கைதட்டுறது அப்புறம்" என்று கத்தினாய். ஐந்து கல்லூரிகளிலிருந்து பெண்கள் பயிற்சிக்கு வந்திருந்த நாள் அது. எல்லோரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். மேடம் விசில் ஊதி எங்களை வரிசைக்குக் கூப்பிட்டார். நீ போன பிறகு என்னிடம் வந்து, "உங்க அக்காவை பஸ்ஸைப் பாத்து ஓட்டச் சொல்லு. என் டீமை நான் ஓட்டிக்கறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன், அக்கா. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த இடத்தில் சிரிக்காமல் நிற்க என்னால் முடியவில்லை.

சிரிக்காதவள் ஒருத்திதான். என் அறையில் இருக்கிற பெண். பொடியாக இருப்பாள், எல்லோரும் குருவி என்று கூப்பிடுவோம். நீ விட்டுப்போன டிபன் கேரியரை அவள்தான் காவலாளியிடமிருந்து வாங்கி வந்தாள். திறந்து, மோந்து பார்த்து, மூடிவிட்டாள். "எங்க வீட்லேர்ந்தும் யாராவது இப்படி வந்து கத்தினா நல்லாருக்கும்" என்றாள். அவளுக்கு அந்த மாதம் மட்டும் இரண்டு திங்கட்கிழமை மைதானத்தைச் சுற்ற வேண்டி வந்தது.

உன் கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன். இனிமேல் இங்கே வராதே.

தங்கை


செப்டம்பர் 3

வாண்டு,

வந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். மறுபடி வர வேண்டியிருந்தாலும் வருவேன். சட்டை அழுக்காக இருந்ததற்கு வேண்டுமானால் மன்னிப்பு. ஷிப்ட் முடிந்து அப்படியே கிளம்பினேன்.

மேடம் தாங்கச் சொல்கிறார், நீ தாங்குகிறாய். தாங்குவதில் ஒரு பெருமை இருக்கிறது. அது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாய்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் டிப்போவில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. நான்தான் அங்கே முதல் பெண் டிரைவர். அதைக் கேட்டால், "இதுக்குத்தான் பொம்பளைங்க வேணாம்னோம்" என்பார்களே என்று நான் கேட்கவேயில்லை. அதற்குப் பதிலாகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை ஒரு மடக்கு கிடையாது. வெயிலில், எஞ்சின் சூட்டில். வாய் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கர்வம்: பார், என்னால் முடிகிறது, ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் மார்க்கெட் வளைவில் வண்டி நிறைய ஆள்களோடு எனக்குக் கண் இருட்டியது. எப்படியோ ஓரம் கட்டினேன். பிரேக் மேல் வைத்த காலை எடுக்க என்னால் முடியவில்லை, கண்டக்டர் வந்து என்னை இறக்கினார். சிறுநீரகத்தில் சீழ் வைத்துவிட்டது என்றார்கள். அந்த முறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேனே, வீட்டில் காய்ச்சல் என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு இன்றைக்கும் தெரியாது. சொல்லிவிடாதே.

திரும்பிப் போனதும் மேனேஜர் மேசையில் வண்டிச் சாவியை வைத்தேன். "கதவு வெச்ச ரூம் ஒண்ணு கட்டுங்க. அப்புறம் இதை எடுத்துக்கறேன்" என்றேன். ஆளில்லாமல் வண்டி நின்றது. பயணிகள் டிப்போவுக்கு வந்து கூச்சல் போட்டார்கள். முடியவே முடியாது என்றிருந்த அறை ஒரே வாரத்தில் எழும்பிவிட்டது. தாழ்ப்பாள் மட்டும் நானே வாங்கிப் போட்டேன்.

அந்த வண்டியில் இருந்தவர்கள் முகம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. அதனால்தான் உன் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

அக்கா


செப்டம்பர் 19

அக்கா,

குருவி விழுந்துவிட்டாள்.

திங்கட்கிழமை மெஷினில் அவளுக்குக் கொஞ்சம் கூடிவிட்டது. நாங்கள் எல்லோரும் உடை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். மேடம் கொடிக்கம்பத்தின் கீழே நின்றார். திருப்பத்தில் அவள் நடக்கிற மாதிரி இருந்தது, அப்புறம் மடங்கி உட்கார்ந்தாள், அப்புறம் படுத்துவிட்டாள். "நடிக்காதே, எழுந்திரு" என்றார் மேடம். அவள் எழுந்திருக்கவில்லை. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அக்கா, அவள் எடையே இல்லை. அவ்வளவு லேசாக இருந்தவளைத்தான் கூடிவிட்டாய் என்று சுற்ற விட்டிருக்கிறோம். நானும் கைதட்டு வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன்.

இதயத் துடிப்பு சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவளுடைய அப்பா அம்மா வந்து கூட்டிப் போய்விட்டார்கள். பெட்டியைக் கட்டும்போது அவளுடைய அம்மா ஒவ்வொரு உடையாக எடுத்து, இது சின்னப் பிள்ளை சைஸ் ஆயிற்றே, வேறு யாருடையதோ என்று என்னிடம் கேட்டார்.

அடுத்த திங்களன்று கரும்பலகையில் அவள் பெயர் இல்லை. துடைத்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுப்பாக இருந்தது. மேடம் அதைப் பார்க்காமலே மற்ற பெயர்களைப் படித்தார். எனக்குக் கைதட்டினார்கள்.

நீ கேட்டதற்குப் பதில்: போன வருஷத்து இறுதிப் போட்டிக்கு முன்னால் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. மேடத்திடம் சொன்னேன். "நீ நல்லா பயிற்சி பண்றேன்னு அர்த்தம், எனக்கும் நின்னுதான் போச்சு" என்றார். எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது.

இடது காலில் முட்டிக்குக் கீழே ஒரு இடத்தில் வலிக்கிறது. விரலை வைத்தால் அந்த ஒரே இடம்தான். ஓடும்போது மட்டும் வலித்தது. இப்போது படுத்தாலும் வலிக்கிறது.

அம்மாவிடம் காட்டாதே.


செப்டம்பர் 25

என் தங்கமே,

போதும். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. இந்த முறை கேட்டுக்கு வெளியே நின்று கத்த மாட்டேன், உள்ளே வந்து உன்னைக் கூட்டிப் போவேன். அதற்குள் கால் டாக்டர் யாரிடமாவது காட்டு. ஓடாதே. ஒரு அடி ஓடாதே.

இங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்துகொள்ளலாம். யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன். இந்தப் பிசாசு பிடித்த ஓட்டத்தை இத்தோடு தலைமுழுகிவிடு. உடம்பு இருந்தால் ஆயிரம் வேலை பார்க்கலாம்.

நீ பிறந்தபோது உன்னை முதலில் என் மடியில்தான் வைத்தார்கள். அந்த உரிமையில் சொல்கிறேன். கேள்.

அக்கா


அக்டோபர் 7

அக்கா,

வராதே என்று கல்லூரி ஆபீஸ் போனிலிருந்து டிப்போவுக்குச் சொன்னது நான்தான். சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டிருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பேன். என்ன நடந்தது என்று இப்போது முழுவதும் எழுதுகிறேன்.

டாக்டரிடம் போனேன். எலும்பில் விரிசல், தலைமுடி அளவுக்கு. படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "உனக்கு என்ன வயசு?" என்று கேட்டார். சொன்னேன். "எலும்பு அப்படிச் சொல்லலையே" என்றார். சாப்பிடாமல் ஓடினால் உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும், அப்புறம் எலும்பைத் தின்ன ஆரம்பிக்கும் என்று புரிகிற மாதிரி சொன்னார். இந்தக் காலோடு போட்டியில் ஓடினால் நடுவழியில் இரண்டாக முறியலாம்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார்" என்றார். "அன்னைக்குக் காலைல ஒரு ஊசி. வலியே தெரியாது. ஓடி முடிச்சிட்டு எத்தனை மாசம் வேணா படுத்துக்கோ. இந்த ஒரு போட்டி." அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திங்கட்கிழமை வந்தது. வழக்கம்போல வரிசையில் நின்றோம். முதல் பெயர் என்னுடையது.

"ஏறு" என்றார்.

"ஏற மாட்டேன் மேடம்."

"மெஷின்ல நிக்கறதுக்குக்கூடவா கால் வலிக்குது?"

"வலிக்குது. ஆனா அதுக்காக இல்ல."

"அப்போ எதுக்காக?"

"எங்க எடையைச் சத்தமா படிக்கிறது இனிமே வேணாம். பலகைல எழுதுறதும் வேணாம். யாரையும் அதுக்காகச் சுத்த விடவும் வேணாம். நான் ஊசி போட்டுக்கவும் மாட்டேன்."

ஒரே காலில் ஊன்றி நின்றேன். விரிசல் விழுந்த கால் இல்லை, நல்ல கால்.

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "உன்னை உருவாக்கினது நான். உன் உடம்பு உன்னோடது மட்டும் இல்ல, டீமோடது. உன் வயசுல நான் இதைவிட மோசமா இருந்து ஓடினேன். எனக்காக யாரும் கேட்டுல வந்து நிக்கல. நான் தாங்கல?"

"தாங்கினீங்க மேடம். அதனாலதான் இப்போ கைப்பிடியைப் பிடிச்சிட்டு, படில குறுக்கா காலை வெச்சு இறங்குறீங்க."

அவர் இடுப்பெலும்பு தேய்ந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவர் முகம் சின்னதாகிவிட்டது. என் தலைக்கு ஈரத்துணி போட்டவரின் முகம். எனக்கு அழுகை வந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அது உண்மை.

அப்போது எங்களில் உயரமான பெண், ஒட்டகம் என்போம், பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தாள். "நானும் இன்னைக்கு ஏறல மேடம். பசிக்குது. சாப்பிடப் போறேன்" என்றாள். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள். இரண்டு பேர் அழுதுகொண்டே மெஷினில் ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் வரைக்கும் நானும் அப்படித்தானே.

முதல்வர் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் கேட்டார். தர மாட்டேன் என்றேன். டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். விளையாட்டு விடுதியில் அறை கிடையாது, மற்ற மாணவிகளோடு போ என்றார்கள். போய்விட்டேன்.

இப்போது உனக்கு. டிப்போவில் கழிப்பறை இல்லை என்று நீ பஸ் ஓட்டுவதை விட்டாயா? சாவியை மேசையில் வைத்தாய், அறை கட்டியதும் எடுத்துக்கொண்டாய். யாராவது வந்து, பிசாசு பிடித்த பஸ்ஸைத் தலைமுழுகு என்று சொல்லியிருந்தால் அவர்களை என்ன செய்திருப்பாய்? எனக்கு ஓடப் பிடிக்கும், அக்கா. கைதட்டு இல்லாவிட்டாலும் பிடிக்கும். விடிந்ததும் மைதானத்தில் முதல் சுற்று, மூச்சு இன்னும் இறுகாத அந்தச் சுற்று, அதற்காகவே நான் தூங்கி எழுந்திருக்கிறேன். அதை மேடத்துக்கும் கொடுக்க மாட்டேன், உனக்கும் கொடுக்க மாட்டேன். என் உடம்பு டீமுடையது என்கிறார் அவர். வீட்டுடையது என்கிறாய் நீ. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வருகிறீர்கள்.

பெட்டியைக் கட்ட மாட்டேன். காலைச் சரிசெய்துகொண்டு திரும்ப ஓடுவேன்.

தங்கை


அக்டோபர் 16

வாண்டு,

உன் கடிதத்தை வண்டி கிளம்பும் முன் படித்தேன். படித்து முடித்தபோது பின்னால் ஒருவர், "டிரைவரம்மா, இன்னைக்கு வண்டி போகுமா, இல்ல நாங்க நடக்கவா?" என்று கேட்டார்.

முதலில் கோபம்தான். மடியில் வைத்து வளர்த்தவளைக் கொண்டுபோய் அந்த மேடத்தோடு ஒரே சீட்டில் உட்கார வைத்துவிட்டாயே என்று. இரண்டு நடை ஓட்டிய பிறகு கோபம் தணிந்தது. நீ சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முயன்றேன், கிடைக்கவில்லை. எனக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ வீட்டுக்கு வந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். என் தூக்கத்துக்காக நீ வர வேண்டியதில்லை என்று புரிகிறது, அவ்வளவுதான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காட்டாதே என்றாய், காட்டவில்லை, வாயால் சொன்னேன். அழுதாள். அப்புறம், "முதல்வரோட பேரென்ன?" என்று கேட்டாள். ஏன் என்றேன். "சும்மா" என்றாள். அந்தச் சும்மாவைக் கேட்டு எனக்கே அந்த மனுஷன் மேல் பரிதாபம் வந்தது.

அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் சலூனில் கண்ணாடியிலிருந்து உன் படத்தை எடுத்துவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர், என்ன, பொண்ணு தோத்துடுச்சா என்று கேட்டிருக்கிறார். "இல்ல சார், ஜெயிச்சிடுச்சு. அதான் எடுத்துட்டேன்" என்றாராம். வந்தவருக்குப் புரியவில்லை. அப்பா விளக்கவுமில்லை.

காலை ஊன்றாதே. சாப்பிடு. எப்போது ஓடுவாய் என்று கேட்க மாட்டேன்.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

கால் எலும்பு கூடிவிட்டது. டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். நடக்கிறேன்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி இல்லை. இறுதிப் போட்டியில் கல்லூரி கடைசிக்குப் பக்கத்தில் வந்தது. சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்தால் சிலர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போகிறார்கள். டீம் வேன் கிளம்புகிற காலைகளில் நான் ஜன்னல் பக்கம் போவதில்லை. சத்தம் மட்டும் கேட்கும்.

சாப்பிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு கவளத்தோடும் சண்டை. தட்டைப் பார்த்தால் இன்னும் எனக்குச் சாப்பாடு தெரிவதில்லை, எண்கள்தான் தெரிகின்றன. பழைய பேன்ட் இடுப்பில் ஏறாத அன்று கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒட்டகம் வந்து கதவைத் தட்டினாள். "பேன்ட் சின்னதாயிடுச்சு" என்றேன். "பேன்ட்டோட பிரச்சினை அது" என்று சொல்லி அவளுடையதைக் கொடுத்துவிட்டுப் போனாள். நீளம் ஒரு முழம் அதிகம். மடித்துப் போட்டுக்கொள்கிறேன்.

குருவியின் வீட்டார் புகார் கொடுத்தார்கள். நாங்கள் ஏறாத ஐந்து பேரும் விசாரணையில் போய்ப் பேசினோம். மெஷினில் ஏறிய இரண்டு பேரில் ஒருத்தியும் வந்து பேசினாள். கரும்பலகையைக் கழற்றிவிட்டார்கள். இனிமேல் எடை பார்ப்பது டாக்டர் மட்டும், கதவு சாத்திய அறையில். மேடத்தை வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஒருவிதத்தில் நல்லது என்று தோன்றுகிறது, ஒருவிதத்தில் இல்லை.

இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். இன்று காலை வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். உயிர் போகிற வலி. சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 17

வாண்டு,

அம்மாவிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள். எதற்கென்று அவர்கள் கேட்டதற்கு, "நல்ல செய்தி" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். உனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று தெருவே பேசிக்கொள்கிறது. நீயே வந்து சமாளித்துக்கொள்.

வயிற்றில் சுடுதண்ணீர் பை வைத்துக்கொள். தட்டை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும், உனக்கு மேசை தாராளமாகக் கிடைக்கும்.

அக்கா


செப்டம்பர் 30

அக்கா,

போன மாதம் டீம் தேர்வுக்கு விருப்பமுள்ள யாரும் வரலாம் என்று அறிவித்தார்கள். யாரும் என்றால் நானும்தான் என்று போய் நின்றேன். மேடம் ஸ்டாப் வாட்சோடு நின்றார்.

"கால் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு மேடம்."

"அன்னைக்கு என் காலைப் பத்தி நீ சொன்னது..." என்று ஆரம்பித்தார். நான் காத்திருந்தேன். மைதானத்தைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "சரி, கோட்டுல நில்லு" என்றார். ஓடினேன். நேரத்தைச் சத்தமாகப் படித்தார். எனக்கு டீமில் இடம் கிடைத்தது. அவர் முடிக்காத வாக்கியத்தை நான் அவருக்காக முடித்துவைக்கப் போவதில்லை.

நேற்று இறுதிப் போட்டி. உனக்கு ஷிப்ட் மாற்றிக் கிடைக்கவில்லை என்று தெரியும். குருவி வந்திருந்தாள். ஓடுவதற்கு இல்லை, பார்க்க. கன்னம் வைத்திருக்கிறாள், அடையாளம் தெரியவில்லை. வேலியோரம் நின்று என் பெயரைக் கத்திக் கத்திக் குரல் போய்விட்டது அவளுக்கு.

மழை பெய்து சேறாக இருந்தது. பாதி தூரம் வரைக்கும் முன்னால் போகிற கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டேன். மேட்டில் நான்கு பேர் பிரிந்து போனார்கள், என்னால் முடியவில்லை. பழைய நான் அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு காலைச் சாகடித்திருப்பேன். என் மூச்சை என்னோடு வைத்துக்கொண்டு, பின்னால் வந்தவர்களை மட்டும் விடாமல் ஓடினேன். கடைசி நேர்க்கோட்டில் காலில் பலம் மிச்சம் இருந்தது. அப்படி ஒன்று மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தியைத் தாண்டினேன். நான்காவது இடம்.

முடிந்ததும் ஒட்டகம் ஒரு ரொட்டியைப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தாள். சேற்றுக் கையோடு, நின்றுகொண்டே தின்றேன். அப்போது பேப்பர்காரர் ஒருவர் வந்தார். போன வருஷம் என் படத்தைப் போட்டவர்.

"போன வருஷம் முதல் இடத்துல பாத்தோம். இப்போ நாலாவது. நேரமும் கூடியிருக்கே, என்ன காரணம்?"

"எடையும் கூடியிருக்கு சார். அதையும் சேத்து எழுதுங்க" என்றேன்.

அவர் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேனோ என்று யோசித்திருப்பார். நான் ரொட்டியை மென்றுகொண்டு, அவர் எழுதி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.

தங்கை